கூடங்குளத்தில் கள்ளன் புகுந்த கதை

நீளமான பதிவு. ஒரு காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் பழைய பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸாப் குழுவில் ஒருத்தன் கேட்டிருந்தான்: "சார், கூடங்குளத்துக் கம்ப்யூட்டருக்குள்ள வடகொரியாக்காரன் புகுந்தான்னு சொல்லுதாங்களே, உள்ளதா புளுகா?" நான் கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் ஆளுக்கு ஒரு பதில் போட்டுவிட்டார்கள். உலை வெடிக்க இருந்தது, மயிரிழையில் தப்பினோம் என்று ஒருவன். எல்லாம் சுத்த வதந்தி என்று ஒருத்தி. இரண்டுமே சரியில்லை. நாகர்கோவிலில் இருந்து அந்த உலைக்கு எவ்வளவு தூரம்? கன்னியாகுமரியைத் தாண்டிக் கடற்கரையோடு கிழக்கே போனால் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கே வேலை பார்க்கும் என் மாணவர்கள் உண்டு. இதைப் பற்றி நமக்குச் சரியாகத் தெரியாமல் இருப்பது சரித்திர வாத்தியாரான எனக்குக் குறைச்சல். அதனால் எழுதுகிறேன். எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது, அது பின்னால் வரும்.

கதையை 1988 நவம்பரில் இருந்து தொடங்கவேண்டும். அந்த மாதம் 2-ம் தேதி அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து மாணவர் ராபர்ட் மோரிஸ் ஒரு நிரலை எழுதி இணையத்தில் அவிழ்த்து விட்டார். ஒரு கணினியில் இருந்து அடுத்த கணினிக்குத் தானாகவே தாவிப் போகும் நிரல். எழுதியதில் ஒரு தப்பு. போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய், கணினிகள் மூச்சுத் திணறி நின்றன. அன்றைக்கு இணையத்தில் இருந்ததே சுமார் 60,000 கணினிகள். அதில் 6,000 வரை முடங்கின என்று மதிப்பிட்டார்கள். இந்தப் பையனின் அப்பா யார் தெரியுமா? அமெரிக்க அரசின் உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ.வில் கணினிப் பாதுகாப்பில் பெரிய பொறுப்பில் இருந்தவர். வாத்தியார் பிள்ளை மக்கு, போலீஸ்காரன் பிள்ளை திருடன் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள். பின்னாளில் அதே பையன் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார், அது வேறு கதை.

சரியாகப் பதினெட்டு நாள் கழித்து, நவம்பர் 20-ம் தேதி, டெல்லியில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இணையத்தின் முதல் பெரிய தொற்றும் நம் பக்கத்து அணு உலையும் ஒரே மாதத்தில் பிறந்தவை என்பதை வகுப்பில் சொல்லியிருந்தால் யாருக்கும் வருஷம் மறந்திருக்காது. அப்போது எனக்கே தெரியாது.

மோரிஸின் நிரல் எப்படி நுழைந்தது என்பதைத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் சொல்லித் தந்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன், எழுத்துதான் கோழி கிண்டியது போல இருக்கும். அவன் சொன்னது இது: "சார், ஒரு விண்ணப்பப் படிவம்னு நினைச்சுக்கோங்க. பேர் எழுத 512 கட்டம் இருக்கு. ஒருத்தன் 536 எழுத்து எழுதுதான். மிச்சம் 24 எழுத்து எங்க போகும்? பக்கத்துப் பத்தியில போய் விழும். அந்தப் பத்தி 'அதிகாரி உத்தரவு'ன்னு இருந்தா?" அவ்வளவுதான் சூட்சுமம். விண்ணப்பம் போட வந்தவன் தன் உத்தரவைத் தானே எழுதிக்கொண்டு போய்விட்டான். இந்த 512, 536 எல்லாம் அவன் உவமைக்குச் சொன்ன எண்கள் அல்ல, மோரிஸ் விவகாரத்தில் உள்ள நிஜக் கணக்கு.

சி என்ற நிரல்மொழியில் 'கெட்ஸ்' என்று ஒரு வசதி. வருகிறதை எல்லாம் வாங்கிப் போடும், கட்டம் எத்தனை என்று எண்ணாது. குற்றவாளி அதுதான் என்று 1988-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மொழியின் தர வரையறையில் இருந்து அதை நீக்கியது 2011-ல். இருபத்து மூன்று வருஷம்! ரஸ்ட் போன்ற புது மொழிகள் கட்டத்தை எண்ணாமல் ஒரு எழுத்தைக்கூட உள்ளே விடாதாம். பிறகு ஏன் எல்லோரும் அதற்கு மாறவில்லை என்று கேட்டேன். "பழைய வீட்டை இடிச்சுக் கட்டுறதுக்கு யாரு சார் காசு தருவா, ஓட்டை மாத்திட்டு வாடகைக்கு விடத்தான் பார்ப்பாங்க" என்றான்.

அந்த 1988 கலவரத்தால் ஒரு நன்மை வந்தது. இனி இப்படி நடந்தால் யார் யாருக்குச் சொல்லவேண்டும் என்று ஓர் ஏற்பாடு வேண்டாமா என்று யோசித்து, அதே நவம்பரில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'செர்ட்' என்ற அவசரகாலக் குழுவை உண்டாக்கினார்கள். பிறகு ஒவ்வொரு நாடும் அப்படி ஒன்று வைத்துக்கொண்டது. நம் நாட்டின் 'செர்ட்-இன்' 2004 ஜனவரியில் வந்தது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

கூடங்குளத்துக்கு வருமுன் கும்பகோணத்தில் இறங்கிப் போகவேண்டும்.

சிட்டி யூனியன் பேங்க் 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கியது. 2018 பிப்ரவரி 7-ம் தேதி காலையில் அங்கே கணக்கு ஒத்துப் பார்க்கும்போது, வங்கி அனுப்பாத மூன்று பணவோலைகள் வெளிநாட்டுக்குப் போயிருப்பது தெரிந்தது. துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். வங்கிகள் உலகம் முழுக்கத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் 'ஸ்விஃப்ட்' என்ற வழியாகப் போயிருக்கிறது. முதல் நாளே ஏன் தெரியவில்லை? ஒவ்வொரு பணவோலைக்கும் ஒப்புகைச் சீட்டு அச்சடிக்கும் பிரிண்டர் அன்று வேலை செய்யவில்லை. பிரிண்டர் கெட்டுப்போவது எந்த ஆபீசில்தான் நடக்காது? நாளைக்குப் பார்க்கலாம் என்று எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கெடுத்ததே கள்ளன்தான். துபாய் போன 5 லட்சம் டாலரை வழியிலேயே தடுத்துவிட்டார்கள். வங்கி அடுத்த சில நாட்களில் பகிரங்கமாகவே சொன்னது: இன்னது நடந்தது, இவ்வளவு பணம், இன்ன நாடு.

இதே பிரிண்டர் வித்தை இரண்டு வருஷத்துக்கு முன் டாக்காவில் நடந்தது. வங்காளதேச மத்திய வங்கி, 2016 பிப்ரவரி. நியூயார்க்கில் இருந்த அந்த நாட்டுச் சேமிப்பில் இருந்து 95 கோடி டாலருக்கு மேல் எடுக்கப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, சனி ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை, திங்கள் சீனப் புத்தாண்டு என்று மணிலாவில் விடுமுறை. பஞ்சாங்கம் பார்த்துத் திருடியிருக்கிறான். 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலா போய்ச் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இன்னொரு 2 கோடி டாலர் இலங்கைக்கு, ஷாலிகா ஃபவுண்டேஷன் என்ற பெயருக்குப் போகிற வழியில் மாட்டிக்கொண்டது. ஏன் தெரியுமா? 'ஃபவுண்டேஷன்' என்பதைத் தப்பாக 'ஃபண்டேஷன்' என்று எழுதியிருந்தான். இடையில் இருந்த வங்கியில் ஒருவர் அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைத்தேன் என்று இன்னும் என்மேல் கோபமாக இருக்கும் பிள்ளைகள் கவனிக்கவும். ஒரு எழுத்துப்பிழை 2 கோடி டாலரைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்தத் திருட்டுக்காக அமெரிக்க நீதித்துறை 2018-ல் பார்க் ஜின் ஹியோக் என்ற வடகொரியர்மேல் குற்றம் சாட்டியது. அவர் சேர்ந்திருந்த கூட்டத்துக்குப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'லாசரஸ்'. வடகொரியா மறுக்கிறது. கும்பகோணத்தில் யார் கை என்று நான் சொல்ல வரவில்லை. வித்தை ஒரே வித்தை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

இனி 2019. தீபாவளி அக்டோபர் 27. உங்களுக்கு நினைவிருக்கும், அந்தத் தீபாவளியை யாரும் கொண்டாடவில்லை. மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தைக்காகத் தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. 29-ம் தேதி விடியுமுன் குழந்தை உயிரில்லாமல் வந்தது. அந்த அழுகையில் கூடங்குளத்துச் செய்தி யார் காதிலும் விழவில்லை.

28-ம் தேதி, வைரஸ் பரிசோதிக்கும் பொது இணையதளமான வைரஸ்டோட்டலில் ஒரு கள்ள நிரலின் மாதிரி வந்து சேர்ந்தது. 'டிட்ராக்' என்ற வகை. அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே 'கே.கே.என்.பி.பி.' என்ற எழுத்துகளைக் கண்டார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கம். அதோடு ஒரு நிர்வாகி கணக்கின் கடவுச்சொல்லும் இருந்தது. அதாவது ஊரெல்லாம் வீசிய வலையில் தற்செயலாகச் சிக்கியது அல்ல. இந்த வீட்டுச் சாவியை அச்செடுத்துச் செய்த கருவி. கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதிவைப்பது கற்றுக்குட்டிப் புரோகிராமர் வேலை என்று என் டெக்னோபார்க் பையன் சொல்கிறான். கள்ளன் செய்த அந்தச் சோம்பேறித்தனத்தால்தான் நமக்கு விஷயமே தெரிந்தது.

அரசின் தொழில்நுட்ப உளவுப் பிரிவில் முன்பு வேலை பார்த்த புக்ராஜ் சிங் என்பவர் அன்றே ட்விட்டரில் எழுதினார். செப்டம்பர் தொடக்கத்திலேயே அரசுக்குச் சொல்லிவிட்டேன், கள்ளன் 'டொமைன் கன்ட்ரோலர்' வரை போயிருக்கிறான் என்றார். டொமைன் கன்ட்ரோலர் என்றால் ஹெட்மாஸ்டர் ரூமில் ஆணியில் தொங்கும் சாவிக்கொத்து மாதிரி. எந்த அறையை யார் திறக்கலாம் என்பது அங்கேதான் இருக்கும்.

29-ம் தேதி நிலையத்தில் இருந்து மறுப்பு வந்தது. எங்கள் கட்டுப்பாட்டுக் கணினிகள் வெளி வலையோடும் இணையத்தோடும் சேராதவை, அவற்றின்மேல் தாக்குதல் நடத்தவே முடியாது, முதல் உலை 1000 மெகாவாட்டும் இரண்டாவது 600 மெகாவாட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று. நன்றாகப் படித்துப் பாருங்கள். கேட்ட கேள்வி, ஆபீசுக்குள் கள்ளன் புகுந்தானா என்பது. சொன்ன பதில், உலைக்குள் புகமுடியாது என்பது. பரீட்சையில் தெரியாத கேள்விக்குத் தெரிந்த பதிலை எழுதுவீர்களே, அதே.

மறுநாள் 30-ம் தேதி, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் மும்பையில் இருந்து ஒப்புக்கொண்டது. கள்ள நிரல் இருந்தது உண்மை. செப்டம்பர் 4-ம் தேதியே செர்ட்-இன் கவனித்துத் தெரிவித்தது. அணுசக்தித் துறையின் நிபுணர்கள் விசாரித்தார்கள். நிர்வாக வேலைக்காக இணையத்தோடு சேர்ந்த வலையில் இருந்த ஒரு பயனரின் கணினியில்தான் அது இருந்தது. உலையை நடத்தும் உள்வலை தனி, அதற்குப் பாதிப்பில்லை. ஒரு கணினி என்கிறது கழகம். சாவிக்கொத்தே போயிற்று என்கிறார் புக்ராஜ் சிங். சரித்திர வாத்தியாராக நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைப்பேன், ஒன்றை அழிக்கமாட்டேன்.

உலை வெடிக்க இருந்தது என்று எழுதிய பையனுக்கு இப்போது பதில். நம் பழைய வீடுகளை நினைத்துப் பார். முன்னால் படிப்புரை. போகிறவன் வருகிறவன் உட்காருவான். அப்புறம் முற்றம், அறை, கடைசியில் நெல்லுப் பத்தாயம். படிப்புரையில் உட்கார்ந்தவன் பத்தாயத்தைத் திறந்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அந்த டிட்ராக் செய்யும் வேலையே வேவு பார்ப்பது: தட்டச்சு செய்வதைப் பதிவது, என்ன கோப்புகள் இருக்கின்றன, எந்தெந்த இணையதளம் பார்த்தார்கள் என்று திரட்டுவது. உலையை ஆட்டிவைக்கும் நிரல் அல்ல.

வதந்தி என்று எழுதிய பிள்ளைக்கும் பதில் உண்டு. படிப்புரையில் உட்கார்ந்த கள்ளனுக்கு வீட்டில் எல்லாம் தெரியும். அம்மை எப்போது சுசீந்திரம் கோயிலுக்குப் போவாள், சாவி எந்தச் செம்புக்குள் இருக்கும், நாய் யாரைப் பார்த்தால் குரைக்காது. உள்வலை தனி என்பது பலமான காவல்தான். ஆனால் 2010-ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் விஷயத்தில், ஈரானின் நதான்ஸ் ஆலையும் இணையத்தோடு சேராததுதான். அங்கே யு.எஸ்.பி. குச்சி வழியாக, மனிதர் சட்டைப்பையில் உட்கார்ந்து உள்ளே போயிற்று.

எனக்கு உறுத்துவது அந்த இடைவெளி. செப்டம்பர் 4-ல் இருந்து அக்டோபர் 30 வரை. ஐம்பத்தாறு நாள். திருவிதாங்கூர் காலத்தில் நமக்கு அஞ்சல் என்று தனித் தபால் இருந்தது, 1951-ல்தான் இந்தியத் தபாலோடு சேர்த்தார்கள். மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரன் ஓடிவருவதை என் அப்பா கதையாகச் சொல்வார். மணிச் சத்தம் கேட்டால் வழிவிட வேண்டுமாம். அவன் கையில் கொடுத்திருந்தால்கூட இந்தச் செய்தி டெல்லியில் இருந்து நடந்தே நமக்கு முன்னதாக வந்து சேர்ந்திருக்கும். நாட்டுப் பாதுகாப்பு, விசாரணை நடக்கிறது, எல்லாம் சரி. வெளியே சொல்லாததைக்கூட ஏற்றுக்கொள்ளலாம். 29-ம் தேதி 'முடியவே முடியாது' என்று சொல்லி, 30-ம் தேதி 'ஆமாம்' என்று சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. 2011, 2012-ல் இடிந்தகரையில் மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டதும் அடிப்படையில் எங்களிடம் உண்மையைச் சொல்வீர்களா என்பதுதான். உலை வேண்டும் என்கிறவர், வேண்டாம் என்கிறவர் இரண்டு பேரும் என் மாணவர்களில் உண்டு. இதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாகவே கோபப்பட்டார்கள்.

கும்பகோணத்து வங்கி பத்துப் பதினைந்து நாளில் வாயைத் திறந்தது. பணம் போனது வெட்கம்தான், ஆனாலும் சொன்னது.

கம்பெனிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடங்குளத்து உலை ரஷ்யத் தொழில்நுட்பம். டிட்ராக்கைப் பற்றி அதே செப்டம்பரில் விரிவாக எழுதி, 2018-ல் இந்திய ஏ.டி.எம்.களில் கார்டு விவரம் திருடிய நிரலும் இதன் உறவுக்காரன்தான் என்று சொன்னது ரஷ்யக் கம்பெனி கேஸ்பர்ஸ்கி. மாதிரி வந்து விழுந்த வைரஸ்டோட்டல் கூகுள் வட்டாரத்தைச் சேர்ந்தது. வடகொரியாவைச் சுட்டிக் காட்டியவர்களில் தென்கொரிய ஆய்வாளர்கள் உண்டு. நம் படிப்புரையில் கள்ளன் இருப்பதை நமக்குச் சொல்லப் பக்கத்து வீட்டு ஆட்கள் வேண்டியிருக்கிறது. இன்னொன்று. வடசேரிச் சந்தையில் மட்டிக்குலை வாங்கி உள்ளே அழுகியிருந்தால் மறுநாள் கொண்டுபோய்க் கேட்கலாம், வேறு தருவான், நாலு வசவும் தருவான். மென்பொருள் வாங்கும்போது 'ஒத்துக்கொள்கிறேன்' என்று அமுக்குகிறோமே, அந்தப் பத்திகளை ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். உள்ளது உள்ளபடி தருகிறோம், எதற்கும் உத்தரவாதம் இல்லை, நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று போகிறது. இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வியாபாரம் செய்யும் வேறு தொழில் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பத்திகளை ஏன் படித்தேன் என்றால், அதுதான் மேலே சொன்ன இன்னொரு காரணம்.

போன ஆனி மாதம் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் வீட்டு மின் இணைப்பு இன்று இரவு 9.30-க்குத் துண்டிக்கப்படும், இந்த எண்ணில் பேசவும். வீட்டில் நான் மட்டும். ஃபோன் போட்டேன். மரியாதையான தமிழ், 'ஐயா ஐயா' என்று. ஒரு செயலியை இறக்கச் சொன்னான், இறக்கினேன். பத்து ரூபாய் கட்டச் சொன்னான், கட்டினேன். பத்து நிமிஷத்தில் என் பென்ஷன் கணக்கில் இருந்து 41,000 ரூபாய் போய்விட்டது. மின்சாரம் போகவே இல்லை, ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

1930 என்ற எண்ணில் உடனே சொன்னால் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். நானே இந்தக் குழுவில் அதை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன், தேடிப் பாருங்கள், இருக்கும். ஆனால் ஆறு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாத்தியார் ஏமாந்தார் என்று தேரடியில் பேசுவார்களே என்ற நினைப்பு. மூன்றாம் நாள் மைனி வந்தபோது, "என்ன கொழுந்தனாரே, முகம் வாடிக்கிடக்கு" என்று கேட்டார்கள். வெயில் என்றேன். நேருக்கு நேர் மறுப்பு அறிக்கை! ஆறாம் நாள் டெக்னோபார்க் பையன் வேறு விஷயமாகக் கூப்பிட்டபோது அவனிடம் உளறிவிட்டேன். அவன்தான் புகார் எழுதினான், கூடவே வந்து ஃபோனைத் துடைத்துக் கொடுத்தான், அப்படியே அந்த 512 கட்டக் கதையையும் சொன்னான். என் மனசை மாற்றத்தான் சொன்னான் என்று பிறகு புரிந்தது.

41,000-ல் 6,300 திரும்பி வந்தது. மீதி ஆறு நாளில் பல கணக்கு தாண்டிவிட்டதாம்.

வங்கிப் புத்தகத்தைப் பார்க்கிற பழக்கம் உள்ள மைனியிடம் இதை நேற்று ராத்திரி சொன்னேன், இந்தப் பதிவில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமே என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தங்களுக்கும் கொரோனா வருஷத்தில் 18,000 போயிற்று, அண்ணனிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை என்றார்கள். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள், அண்ணனுக்கு ஃபேஸ்புக் கிடையாது என்றார்கள்.